சோல் கேம்ப்பெல் ஸ்பர்ஸுக்குச் செய்தது துரோகமா?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இவ்வளவுதான். நீங்கள் ஸ்பர்ஸ் (டாட்டன்ஹாம்) ரசிகர், உங்கள் மச்சான் ஆர்சனல் ரசிகர்; இரண்டும் வடக்கு லண்டனின் பரம எதிரிக் கால்பந்துக் கிளப்புகள். டிரென்ட் அலெக்ஸாண்டர்-ஆர்னல்டு லிவர்பூலை விட்டு ரியல் மாட்ரிட் போனதைப் பற்றிப் பேச ஆரம்பித்து, வாக்குவாதம் 2001-க்குப் போய், அந்த வருடம் ஸ்பர்ஸை விட்டு ஆர்சனலுக்குப் போன சோல் கேம்ப்பெல்லில் நின்றுவிட்டது. "கேப்டனாக இருந்துகொண்டு, காண்ட்ராக்ட் முடிகிற வரைக்கும் இழுத்தடித்து, எதிரி வீட்டுக்கு ஓசியில் போனவன்" என்கிறீர்கள் நீங்கள். "உங்கள் கிளப்புக்குப் பேசி முடிக்கத் துப்பில்லை, ஆட்டக்காரனைத் திட்டி என்ன பிரயோஜனம்" என்கிறார் மச்சான். யார் பக்கம் நியாயம் என்று கேட்கிறீர்கள்.

நான் ஆர்சனல் பக்கம். அதை முதலிலேயே சொல்லிவிடுவதுதான் மரியாதை. ஆனாலும் மச்சானுக்கு முழு மதிப்பெண் போட என்னால் முடியாது. கேம்ப்பெல்லுக்குப் போக முழு உரிமை இருந்தது. எங்கே போவது என்பதும் அவர் இஷ்டம். ஸ்பர்ஸ் அவரைக் கோட்டைவிட்டது 2001 ஜூலையில் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். அதற்கு இரண்டு வருடம் முன்பே கோட்டைவிட்டாகிவிட்டது. ஆனால் போகும்வரை ரசிகர்களிடம் அவர் பேசிய பேச்சில் தவறு இருக்கிறது. அந்த ஒரு இடத்தில் உங்கள் கோபத்தை நான் மறுக்கமாட்டேன்.

முதலில் அந்த "ஓசி" என்ற சொல். பாதிச் சண்டை அதில்தான் இருக்கிறது.

இங்கிலாந்தில் ஒரு காலத்தில் ஒப்பந்தம் முடிந்தாலும் ஆட்டக்காரர் நகர முடியாது. அவருடைய பதிவு கிளப்பின் கையில் இருக்கும். அவர்கள் மனம் வைத்தால்தான் வேறு இடம். 1961 ஜனவரி வரை சம்பளத்துக்கும் உச்சவரம்பு இருந்தது, வாரம் 20 பவுண்டு. நியூகாஸிலை விட்டு வெளியேற ஜார்ஜ் ஈஸ்ட்ஹம் போட்ட வழக்கில் 1963-ல் உயர் நீதிமன்றம் அந்தப் பிடியைத் தளர்த்தியது. அப்படியும், ஒப்பந்தம் முடிந்த ஆளைக் கூட்டிப்போகும் கிளப் பழைய கிளப்புக்குப் பணம் கட்ட வேண்டும் என்ற வழக்கம் போகவில்லை. பெல்ஜியத்தின் லியேஜ் கிளப்பில் ஆடிய ழான்-மார்க் போஸ்மன், ஒப்பந்தம் முடிந்து பிரான்ஸின் டன்கெர்க் கிளப்புக்குப் போகப் பார்த்தபோது பழைய கிளப் விடவில்லை. அவர் கோர்ட்டுக்குப் போனார். 1995 டிசம்பர் 15 அன்று ஐரோப்பிய நீதிமன்றம் சொன்னது: ஒப்பந்தம் முடிந்துவிட்டதா, ஆள் சுதந்திரம், பணம் கேட்கக்கூடாது. ஒரு சாதாரண ஆட்டக்காரரின் பெயர் கால்பந்து அகராதியிலேயே ஏறியது இப்படித்தான். அந்த வழக்கு அவருடைய சொந்த ஆட்ட வாழ்க்கையைத் தின்றுவிட்டது. இந்த விஷயத்தைப் பேசும்போதெல்லாம் அவரை ஒரு நிமிடம் நினைத்துக்கொள்வது நல்லது.

இங்கிலாந்துக்குள்ளே கிளப் மாறும்போது 24 வயதுக்குக் கீழ் இருந்தால் வளர்த்த கிளப்புக்கு ஈட்டுத்தொகை உண்டு. கேம்ப்பெல்லுக்கு 2001-ல் வயது 26. ஆகவே ஸ்பர்ஸுக்கு ஒரு பைசா கிடையாது. சட்டப்படி அவர் யாருடைய சொத்தையும் தூக்கிக்கொண்டு ஓடவில்லை. கையெழுத்துப் போட்ட கடைசி நாள் வரை இருந்துவிட்டுத்தான் போனார்.

சரி, அந்தக் கடைசி நாள் வரை ஏன் போகவிட்டார்கள்?

கேம்ப்பெல் கிழக்கு லண்டன் பிளெய்ஸ்டோ பையன். பன்னிரண்டு பிள்ளைகளில் கடைசி. ஸ்பர்ஸ் இளைஞர் அணியில் வளர்ந்து, 1992 டிசம்பரில் செல்ஸிக்கு எதிராக மாற்று ஆட்டக்காரராக இறங்கிய முதல் ஆட்டத்திலேயே கோல் அடித்தவர். அங்கிருந்து 2001 வரை லீக்கில் மட்டும் 255 ஆட்டம். 1999 மார்ச்சில் வெம்ப்லியில் லெஸ்டரை 1-0 என்று வென்று லீக் கோப்பையைத் தூக்கியபோது அவர்தான் கேப்டன். அந்தக் காலம் முழுக்க அவர் கையில் வந்து சேர்ந்த ஒரே கோப்பை அதுதான்.

அவர் பார்த்த மேனேஜர்களை எண்ணிப் பாருங்கள். லிவர்மோர்–கிளெமன்ஸ் ஜோடி, ஆர்டீலெஸ், ஜெரி ஃபிரான்சிஸ், கிறிஸ்டியன் குரோஸ், ஜார்ஜ் கிரஹாம், கடைசியாக ஹாடில். ஒவ்வொருவரும் வேறு வேறு திட்டத்தோடு வந்தார்கள், பாதியில் போனார்கள். 1998-லிருந்து 2001 வரை லீக்கில் ஸ்பர்ஸின் இடம் 14, 11, 10, 12. அதே நான்கு சீசனில் ஆர்சனல் 1, 2, 2, 2. இரண்டு மைதானத்துக்கும் நடுவில் நான்கு மைல்கூடக் கஷ்டப்பட்டுத்தான் வரும். இங்கிலாந்து அணிக்காக 1998 உலகக் கோப்பையும் 2000 யூரோவும் ஆடி முடித்த ஒரு டிஃபெண்டர், ஐரோப்பாவின் பெரிய கிளப் போட்டியான சாம்பியன்ஸ் லீகில் ஒரு ஆட்டம்கூட ஆடாமல் 26 வயதுக்கு வந்து நிற்கிறார். இதை நீங்கள் அவர் இடத்தில் நின்று யோசிக்க வேண்டும்.

இப்போது 1999 கோடைக்கு வருவோம். கேப்டன் கோப்பையோடு நிற்கிறார், ஒப்பந்தத்தில் பாக்கி இரண்டு வருடம். ஒரு கிளப் விழித்துக்கொள்ள வேண்டிய நேரம் இதுதான். இரண்டு வருடம் பாக்கி இருக்கும்போது மேசையில் கிளப்பின் கை ஓங்கியிருக்கும். கையெழுத்துப் போடு, இல்லையென்றால் நல்ல விலைக்கு விற்கிறோம் என்று சொல்லலாம். அதில் மிரட்டலும் இல்லை, மரியாதைக் குறைவும் இல்லை. ஒரு வருடம் பாக்கி என்றால் விலை பாதியாகும். ஆறு மாதம் என்றால் வெளிநாட்டுக் கிளப்புகள் நேராக ஆட்டக்காரரிடமே பேச வந்துவிடும். ஸ்பர்ஸுக்கு எச்சரிக்கை இல்லாமலும் இல்லை. அதே 1999-ல்தான் லிவர்பூலின் ஸ்டீவ் மெக்மானமன் ஒப்பந்தம் முடிந்து ஒரு பவுண்டுகூட வராமல் ரியல் மாட்ரிட் போனார். அந்தச் செய்தி வடக்கு லண்டனில் யார் கண்ணிலும் படாமல் இருந்திருக்காது.

விலை எவ்வளவு வந்திருக்கும்? 2000 நவம்பரில் வெஸ்ட் ஹாம் தங்கள் ரியோ ஃபெர்டினாண்டை லீட்ஸுக்கு விற்றது 1 கோடியே 80 லட்சம் பவுண்டுக்கு. அன்று உலகத்திலேயே ஒரு டிஃபெண்டருக்குக் கொடுத்த அதிகபட்ச விலை அது. ஃபெர்டினாண்டைவிட நான்கு வயது மூத்தவர், இங்கிலாந்து அணியில் அவருக்கு முன்னால் ஆடிக்கொண்டிருந்தவர் கேம்ப்பெல். சரியான நேரத்தில் விற்றிருந்தால் அதற்குக் குறையாத பணம் வந்திருக்கும் என்று தயங்காமல் சொல்வேன். அந்தப் பணத்தில் ஸ்பர்ஸ் ஒரு முழுத் தடுப்பு வரிசையையே கட்டியிருக்கலாம்.

ஏன் விற்கவில்லை? கேப்டனை விற்றால் ரசிகர்கள் கொதிப்பார்கள் என்ற பயம் ஒரு பக்கம். கேட்டால் கொடுத்துவிடலாம், கடைசியில் சம்மதிப்பான், நம்ம வீட்டுப் பிள்ளை என்ற நம்பிக்கை இன்னொரு பக்கம். அதோடு கிளப்பே கைமாறிக்கொண்டிருந்தது. ஆலன் சுகர் தன் பங்கை ஈனிக் நிறுவனத்துக்கு விற்க, 2001 தொடக்கத்தில் டேனியல் லெவி தலைவராக வந்தார். மார்ச்சில் கிரஹாமை அனுப்பினார்கள், ஹாடில் வந்தார். ஒரு ஆட்டக்காரரின் ஒப்பந்தம் கடைசி ஆறு மாதத்தில் இருக்கும்போது, எதிரே உட்கார்ந்து பேசும் முதலாளியும் புதுசு, மேனேஜரும் புதுசு. யார் கொடுக்கும் வாக்கை நம்பிக் கையெழுத்துப் போடுவது? அந்தக் கடைசி மாதங்களில் ஸ்பர்ஸ் நீட்டிய தொகை, அந்தக் கிளப் அதுவரை யாருக்கும் கொடுக்காத தொகை என்றுதான் அன்றைய பத்திரிகைகள் எழுதின. பணத்தில் கஞ்சத்தனம் காட்டினார்கள் என்று மச்சான் சொன்னால் அது சரியில்லை. பணம் நீட்டினார்கள், நேரம் தவறி நீட்டினார்கள்.

பேச்சுவார்த்தை என்றால் என்ன நடக்கும் என்பதையும் கொஞ்சம் சொல்கிறேன். ரசிகர்கள் வாரச் சம்பளத்தை மட்டும் பார்த்துச் சண்டை போடுகிறார்கள். சம்பளத்துக்கு மேலே சைனிங்-ஆன் தொகை என்று ஒன்று உண்டு. அதை ஒப்பந்தம் ஓடும் வருடங்களுக்குப் பிரித்து வருடாவருடம் கொடுப்பார்கள். ஆட்டக்காரர் தானே எழுத்தில் கேட்டு வெளியேறினால் பாக்கித் தவணை கிடைக்காது. பெரிய ஆட்டக்காரர்கள் "என்னை விற்றுவிடுங்கள்" என்று கடிதம் கொடுக்காமல் இழுத்துக்கொண்டே இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். இது போக ஆட்டத்துக்கு இவ்வளவு, கோப்பைக்கு இவ்வளவு, படம்-பெயர் உரிமைக்கு இவ்வளவு, ஏஜெண்டுக்கு இவ்வளவு.

இப்போது ஒரு கணக்குப் போடுவோம். ஆர்சனல் கேம்ப்பெல்லுக்குக் கொடுத்தது வாரம் 1,00,000 பவுண்டுக்கு அருகில் என்று அன்று செய்தி வந்தது. அந்த எண்ணையே வைத்துக்கொள்வோம். 52 வாரம், நான்கு வருடம்: 2 கோடியே 8 லட்சம் பவுண்டு. படித்ததும் தலை சுற்றும். ஆனால் அதே ஆளை ஃபெர்டினாண்டின் விலைக்கு, 1 கோடியே 80 லட்சத்துக்கு வாங்கி, பாதிச் சம்பளம் மட்டும் கொடுத்திருந்தால்? 1 கோடியே 80 லட்சத்தோடு 1 கோடியே 4 லட்சம் சேர்ந்து 2 கோடியே 84 லட்சம். ஆர்சனலுக்கு 76 லட்சம் மிச்சம், கேம்ப்பெல்லுக்கு இரண்டு மடங்கு சம்பளம். வாங்கும் கிளப்புக்கும் லாபம், ஆட்டக்காரருக்கும் லாபம். இரண்டு லாபமும் ஸ்பர்ஸின் பெட்டியிலிருந்துதான் வந்தது. "பேராசைக்காரன்" என்று உங்கள் நண்பர்கள் சொல்லும்போது இந்தக் கணக்கை எடுத்துக் காட்டுங்கள். ஆர்சனல் வாரி இறைக்கவில்லை. ஸ்பர்ஸுக்குப் போயிருக்க வேண்டிய டிரான்ஸ்ஃபர் பணம் ஆட்டக்காரரின் சம்பளச் சீட்டில் ஏறியது.

ஆர்சனலுக்கு அவர் ஏன் அவ்வளவு அவசரமாகத் தேவைப்பட்டார் என்பதற்கு 2001-ல் அங்கிருந்த தடுப்பு வரிசையின் வயதைப் பார்த்தால் போதும். ஆடம்ஸுக்கு 34, கியோனுக்கு 35 நெருங்குகிறது, டிக்ஸனுக்கு 37. போல்டும் வின்டர்பர்னும் ஏற்கெனவே போயாகிவிட்டது. பத்து வருடத்துக்கு மேல் ஒரே கயிற்றில் கட்டியதுபோல் நகர்ந்த ஒரு வரிசை கண்ணெதிரே கரைந்துகொண்டிருந்தது. ஆர்சனல் மேனேஜர் வெங்கருக்கு உடனே ஒரு தூண் வேண்டும். கேம்ப்பெல்லுக்கு லண்டனை விடாமல் பெரிய ஆட்டம் வேண்டும். பார்சிலோனா, இன்டர் மிலன் என்று பெயர்கள் பத்திரிகையில் அடிபட்டுக்கொண்டிருக்க, ஆர்சனலின் துணைத் தலைவர் டேவிட் டீனின் வீட்டில் இரவில் சந்திப்புகள் நடந்தன. யார் கண்ணிலும் படாமல் இருட்டில் நடந்துகொண்டே பேசினோம் என்று சம்பந்தப்பட்டவர்களே பின்னால் சொன்னார்கள். கேம்ப்பெல்லின் ஏஜெண்ட் ஸ்கை ஆண்ட்ரூ 1988 சியோல் ஒலிம்பிக்கில் பிரிட்டன் அணிக்காக ஆடிய டேபிள் டென்னிஸ் ஆட்டக்காரர். ரகசியத்தைக் காப்பதில் இந்த மூன்று பேரும் கெட்டிக்காரர்கள். லண்டன் பத்திரிகை உலகமே வாசலில் நின்றும் ஒரு வரி கசியவில்லை.

2001 ஏப்ரல் 8, ஓல்ட் டிராஃபோர்டு. எஃப்.ஏ. கோப்பை அரையிறுதி, எதிரே ஆர்சனல். டோஹெர்ட்டி அடித்து ஸ்பர்ஸ் முன்னிலை. பிறகு பார்லரைத் தடுக்கப் போன கேம்ப்பெல் காயப்பட்டு வெளியே இருக்கும்போது, அந்த ஃப்ரீ கிக்கில் ஆர்சனலின் வியேரா தலையால் முட்டிச் சமன் செய்தார். வழக்கமாக அந்தப் பந்தை எகிறித் தட்டிவிட வேண்டியவர் கோட்டுக்கு வெளியே நின்றிருந்தார். பிறகு ஆர்சனலின் பிரேஸ் அடித்தார், 2-1. ஸ்பர்ஸ் சட்டையில் கேம்ப்பெல்லைப் பார்த்தது அன்றோடு முடிந்தது.

ஜூலை 3 அன்று ஆர்சனல் பயிற்சி மைதானத்துக்குப் பத்திரிகையாளர்களை அழைத்திருந்தார்கள். இப்ஸ்விச் கோல்கீப்பர் ரிச்சர்ட் ரைட்டை அறிமுகப்படுத்தப் போகிறார்கள் என்று நினைத்து, சில பத்திரிகைகள் ஆளே அனுப்பவில்லை. கதவு திறந்தது, வெங்கரோடு உள்ளே வந்தது கேம்ப்பெல். அந்த நாளை நினைத்தால் எனக்கு இன்றும் சிலிர்க்கும். உங்களுக்கு வயிற்றைப் பிசையும். இரண்டும் உண்மையான உணர்ச்சிதான்.

இங்கேதான் உங்கள் பக்கத்தின் நியாயம் வருகிறது. ஸ்பர்ஸில் இருக்கவே விருப்பம் என்று அந்த மாதங்களில் அவர் வெளிப்படையாகப் பேசிவந்தார். சனிக்கிழமை காலையில் பிள்ளையைத் தோளில் தூக்கிக்கொண்டு மைதானத்துக்குப் போகிறவர் அதை நம்பினார். ஏஜெண்டுகளின் பேரமோ நிர்வாகத்தின் கணக்கோ அவருக்குத் தெரியாது. கேப்டன் வாயால் சொன்னது மட்டும்தான் அவர் கையில் இருந்தது. "இன்னும் முடிவு செய்யவில்லை, எல்லா வழியும் திறந்திருக்கிறது" என்று ஒரு தடவை சொல்லியிருந்தால் போதும். பேரத்தில் ஒன்றும் குறைந்திருக்காது. சொல்லவில்லை. வெளியேறியதை நான் குற்றமாக எடுத்துக்கொள்ளவில்லை. இருப்பேன் என்ற எண்ணத்தை வளரவிட்டதைக் குற்றமாகவே எடுத்துக்கொள்கிறேன். என் அணிக்குக் கோப்பைகள் வந்தன என்பதற்காக இதை மறைக்க எனக்கு மனம் வராது.

இந்த இரண்டு கிளப்புக்கு நடுவில் போவதே பாவம் என்று யாராவது சொன்னால் பாட் ஜென்னிங்ஸைக் காட்டுங்கள். 1964-லிருந்து ஸ்பர்ஸ் கோல் கம்பத்தைக் காத்தவர். 1977-ல் 32 வயதானபோது, இனி இவர் அவ்வளவுதான் என்று நினைத்து 45,000 பவுண்டுக்கு ஆர்சனலுக்கே கொடுத்துவிட்டார்கள். அவர் அடுத்த மூன்று வருடமும், 1978, 79, 80, வரிசையாக எஃப்.ஏ. கோப்பை இறுதியாட்டத்தில் ஆர்சனலுக்காக நின்றார். 1985 வரை அங்கே ஆடிவிட்டுத் திரும்ப ஸ்பர்ஸுக்கே வந்தார். 1986 உலகக் கோப்பையில் தன் 41-வது பிறந்தநாளில் பிரேசிலுக்கு எதிராக ஆடினார். இரண்டு பக்க ரசிகர்களும் இன்றுவரை அவரை எழுந்து நின்று வரவேற்கிறார்கள். வழி ஒன்றுதான், நான்கு மைல்தான். ஜென்னிங்ஸைக் கிளப் அனுப்பியது, கேம்ப்பெல் கிளப்பை விட்டார். அந்த ஒரு வித்தியாசத்தில்தான் ஒருவருக்குக் கைதட்டலும் இன்னொருவருக்கு வசவும். ஆட்டக்காரரைக் கிளப் கழித்துக்கட்டினால் அதைத் தொழில் என்கிறோம், ஆட்டக்காரர் கிளப்பைக் கழித்துக்கட்டினால் துரோகம் என்கிறோம். இந்தத் தராசு எனக்கு உடன்பாடில்லை.

2001 நவம்பர் 17 அன்று ஆர்சனல் சட்டையோடு கேம்ப்பெல் ஸ்பர்ஸின் மைதானமான ஒயிட் ஹார்ட் லேனுக்குத் திரும்பிப் போனார். 'யூதாஸ்' என்று அச்சிட்ட வெள்ளை பலூன்கள் அரங்கு முழுக்க மிதந்தன. முப்பது வெள்ளிக்காசுக்கு ஆண்டவரைக் காட்டிக்கொடுத்தவன் பெயர். பந்து அவர் காலுக்கு வந்த ஒவ்வொரு தடவையும் மொத்த மைதானமும் ஒரே குரலில் கத்தியது. அவர் பந்தை நிறுத்தினார், பக்கத்தில் கொடுத்தார், மீண்டும் இடத்துக்கு வந்து நின்றார். தொண்ணூறு நிமிடமும் அதையே செய்தார். 81-வது நிமிடத்தில் ஆர்சனலுக்குப் பிரேஸ், கடைசி நேரத்தில் ஸ்பர்ஸுக்குப் போயெட், 1-1. ஒரு மனிதர் அந்தச் சத்தத்துக்கு நடுவில் தன் வேலையை மட்டும் பார்த்ததை நான் வேறு எங்கும் அப்படிப் பார்த்ததில்லை.

அதுவரைக்கும் சரி. கோபத்துக்குக் கத்தலாம், பலூனும் விடலாம். ஆனால் அதோடு நிற்கவில்லை. வருடக்கணக்காக அவர் நிறத்தையும் அந்தரங்கத்தையும் மனநிலையையும் இழுத்துப் பாட்டுகள் கட்டினார்கள். ஏழு வருடம் கழித்து, 2008 செப்டம்பரில் போர்ட்ஸ்மவுத்தில் ஆடிக்கொண்டிருந்தவரைப் பார்த்து ஸ்பர்ஸ் ரசிகர் கூட்டம் பாடிய பாட்டு போலீஸ் வழக்காகி, சிலர் குற்றவாளிகள் என்று தீர்ப்பாகி மைதானத்துக்குள் வரத் தடையும் விழுந்தது. 2006 பிப்ரவரியில் ஒரு ஆட்டத்தின் இடைவேளையிலேயே ஆர்சனலின் அன்றைய மைதானமான ஹைபரியை விட்டு அவர் வீட்டுக்குப் போய்விட்ட நாளும் உண்டு; மனம் எவ்வளவு நொந்திருந்தது என்று பின்னால் அவரே பேசினார். ஒரு ஒப்பந்தத்துக்காக ஒரு மனிதருக்கு இவ்வளவு வேண்டியதில்லை. அந்தப் பாட்டு உங்கள் கூட்டத்தில் எழுந்தால் நீங்கள் வாயை மூடிக்கொள்ளுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். இதை ஆர்சனல்காரனாகக் கேட்கவில்லை.

அவர் போன முடிவு ஆட்ட ரீதியாகச் சரியா என்றால், அதில் பேச்சே இல்லை. முதல் சீசனிலேயே லீக்கும் எஃப்.ஏ. கோப்பையும். 2003-04-ல் 38 ஆட்டம், 26 வெற்றி, 12 டிரா, தோல்வியே இல்லை. அந்தச் சீசனின் பட்டம் உறுதியானது 2004 ஏப்ரல் 25-ல், ஒயிட் ஹார்ட் லேனிலேயே, 2-2. 2006 மே மாதம் பாரிஸில் சாம்பியன்ஸ் லீக் இறுதியாட்டம். பத்து பேரோடு ஆடிய ஆர்சனலுக்காக ஒன்ரியின் ஃப்ரீ கிக்கைத் தலையால் முட்டி பார்சிலோனா வலைக்குள் போட்டவர் கேம்ப்பெல்தான். ஆட்டத்தை 2-1 என்று இழந்தோம், ஆனாலும் அந்தக் கோல் என் கண்ணை விட்டுப் போகாது.

டிரென்ட் விஷயத்தில் லிவர்பூல்காரர்கள் சொல்வதும் உங்கள் பாட்டேதான், ராகம் மட்டும் கொஞ்சம் வேறு. வெஸ்ட் டெர்பி பையன், ஆறு வயதில் அகாடமிக்கு வந்தவர். 2021-ல் போட்ட ஒப்பந்தம் 2025 ஜூன் வரை. அதே சமயத்தில் ஒப்பந்தம் முடியவிருந்த சாலாவும் வான் டைக்கும் 2025 ஏப்ரலில் கையெழுத்துப் போட, இவர் மட்டும் மே 5 அன்று போகிறேன் என்று அறிவித்தார். ஆறு நாள் கழித்து லிவர்பூலின் மைதானமான ஆன்ஃபீல்டில், நம் ஆர்சனலுக்கு எதிரான ஆட்டத்தில் இறங்கியபோது சொந்த ரசிகர்களே கூவினார்கள். லீக் பட்டம் வென்று இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. கிளப் உலகக் கோப்பைக்குச் சில வாரம் முன்கூட்டியே வேண்டும் என்பதற்காக ரியல் மாட்ரிட் ஏறத்தாழ 1 கோடி யூரோ கொடுத்ததால் லிவர்பூலுக்கு அந்தத் தொகையாவது கிடைத்தது. இவரும் அகாடமிப் பிள்ளை, கேம்ப்பெல்லும் அப்படியே. விலை கொடுத்து வாங்காத ஆளை விற்றால் வரும் பணம் முழுக்கக் கிளப் கணக்கில் லாபமாக ஏறும். அப்படிப்பட்டவரைச் சும்மா அனுப்புவதுதான் இருப்பதிலேயே பெரிய நஷ்டம். அந்த ஒப்பந்தம் கடைசி வருடத்துக்குள் நுழைந்த 2024 கோடையில் லிவர்பூல் நிர்வாகத்தில் யார் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்று கேட்டுத்தான் கூவியிருக்க வேண்டும். ஆனால் டிரென்ட் மே மாதமே நேராகச் சொல்லிவிட்டார். கோப்பை வாங்கும் நாளில் எதிரில் நின்று முகம் கொடுத்தார். அந்த அளவில் கேம்ப்பெல்லைவிட நேர்மையாக நடந்துகொண்டார் என்பேன்.

கடைசியாக உங்கள் மச்சானுக்கு ஒன்று. ஆஷ்லி கோல் பெயரை எடுங்கள், முகம் மாறுகிறதா பாருங்கள். கிழக்கு லண்டன் ஸ்டெப்னி பையன், சிறுவயதிலிருந்தே ஆர்சனல் ரசிகர், ஆர்சனல் அகாடமி, உலகின் தலைசிறந்த இடது பேக். வாரம் 60,000 என்று வாய்ப்பேச்சில் ஒத்துக்கொண்டு, தாளில் 55,000 என்று வந்தது என்பது அவர் தரப்பு. 2005 ஜனவரியில் லண்டன் ஹோட்டல் ஒன்றில் செல்ஸி மேனேஜர் மொரீன்யோவையும் அந்தக் கிளப்பின் நிர்வாகியையும் அனுமதியில்லாமல் சந்தித்தது வெளியே வந்து, செல்ஸிக்கு 3,00,000 பவுண்டு அபராதம். கோலுக்கு விதித்தது மேல்முறையீட்டில் 75,000 ஆனது. 2006 ஆகஸ்ட் 31 அன்று தங்கள் டிஃபெண்டர் கல்லாஸை இந்தப் பக்கம் அனுப்பி, மேலே 50 லட்சம் பவுண்டும் கொடுத்து செல்ஸி அவரைக் கொண்டுபோனது. அதன்பிறகு எங்கள் ஆட்கள் அவரைப் பார்த்துப் போலி நோட்டு ஆட்டினார்கள். "கேம்ப்பெல் போனது அவர் உரிமை" என்று பாடிய அதே வாய்தான் கோலைப் பணப்பேய் என்று திட்டியது.

விதியை மீறிச் சந்தித்தது கோலின் தவறு. அதற்குத் தண்டனையும் கட்டினார். மற்றபடி வாரம் 5,000 பவுண்டுக்காக வீட்டுப் பிள்ளையைக் கோபித்துக்கொள்ள வைத்தது என் கிளப். நானும் அந்த வருடங்களில் அவரைத் திட்டியிருக்கிறேன், அதில் எனக்கு இப்போது வருத்தம்தான். 2012 மே 19, மியூனிக்கில் பயர்ன் அணியை அவர்கள் சொந்த மைதானத்திலேயே செல்ஸி எதிர்கொண்ட சாம்பியன்ஸ் லீக் இறுதியாட்டம் பெனால்டிக்குப் போனது. நான்காவதாக நடந்து வந்தவர் கோல். பந்தை வைத்தார், அடித்தார், உள்ளே போனது. ஹைபரியில் வளர்ந்த பையன் என்று நினைத்துக்கொண்டு டிவிக்கு முன்னால் உட்கார்ந்து அன்று நான் கைதட்டினேன்.